அம்மாவின் இடது கண்

அந்த மியூசியம் விழாவில் கேக் நன்றாக இருந்தது, ஃபாதர். பிரமிட் வடிவத்தில் செய்து, மேலே பொன்னிறச் சீனிப்பாகு பூசியிருந்தார்கள். அம்மாவோடு வேலை செய்த ஜெயமலர் அக்கா மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, நாலாவதைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். அம்மா அரைத் துண்டோடு நிறுத்திக்கொண்டார். இப்போது போலத் தட்டைத் தடவித் தடவிச் சாப்பிடும் நிலை அன்றைக்கு வந்திருக்கவில்லை. இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் பார்வை இருந்தது.

நீங்கள் கேட்பது அந்தக் கொஞ்சத்தைப் பற்றித்தான். கண் டொக்டர் லிண்டே ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னதும், அம்மா இங்கே உங்களிடம் சொன்னதும் பொருந்தவில்லை என்றீர்கள். பொருந்தாதுதான். அவர்கள் இருவரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. தேநீர் ஆறுவதற்குள் குடியுங்கள். அம்மா ஜெயமலர் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார், வர இன்னும் நேரம் இருக்கிறது. பாவசங்கீர்த்தனமாக, பாவமன்னிப்புக் கேட்டு, நான் இதைச் சொல்லவில்லை. சமையலறையில் இருந்து கேட்டீர்கள், சமையலறையில் இருந்தே சொல்கிறேன்.

எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். பூசை முடிந்து எல்லோரும் கதைத்துக்கொண்டு நிற்கும்போது நான் கோட்டுகள் தொங்கும் இடத்தில் நிற்பேன். இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் நன்றாக எழுதினால் மட்டும் போதாது, கை உயர்த்திப் பேசவும் வேண்டும். அதற்குப் பாதிப் புள்ளி. நான் ஒரு நாளும் கை உயர்த்தவில்லை. ஒருமுறை வகுப்பு ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, “இவள் வீட்டிலாவது பேசுவாளா?” என்று கேட்டார். அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தவளும் நான்தான். “பேசுவாள் எண்டு சொல்லு” என்றார் அம்மா. சொன்னேன். பத்தாம் வகுப்பை முடிக்காமல் நின்றுவிட்டேன்.

ஆனால் இன்னொருவருடைய பேச்சு என் வாயில் தடங்கலில்லாமல் வரும். எங்கள் தெருவில் இருக்கும் தமிழ்ச் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். வெளிநாட்டவர் அலுவலகம், பிள்ளைப்பேறு, வீட்டுக்காரரோடு சண்டை எல்லாவற்றுக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு புருஷன் பெண்சாதியைத் திட்டியபோது, வழக்கறிஞருக்கு முன்னால் அந்தத் திட்டைத் திட்டாகவே ஜெர்மன் மொழியில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. “எங்கட கொறற்றி சொன்னா அது அப்பிடியே சொன்ன மாதிரி” என்று என்னைப் பற்றிச் சொல்வார் ஜெயமலர் அக்கா. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. வேறு நல்ல பெயர் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

என் அக்கா லவினியாவைப் பற்றி அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பார். எல்லோருக்கும் சொல்வார். மன்னாரில் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் நாங்கள் ஊரைவிட்டு ஓடியபோது அவளுக்கு எட்டு வயது, எனக்கு ஐந்து. பற்றைக்குள் ஒளித்திருந்த நாட்களில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு விட்டுவிட்டது, அவளுக்கு விடவில்லை. அப்பா வள்ளம் பிடிக்கப் போயிருந்தார். அம்மா தனியாக, ஒரு தகரத் துண்டால் மண்ணைத் தோண்டி, தன் சேலையில் சுற்றி அவளை வைத்தார். நீங்கள் யாழ்ப்பாணத்து ஆள், பெருக்கமரத்தைப் பார்த்திருப்பீர்களோ தெரியாது. மன்னாரில் நிற்கும், யானையின் வயிறுபோலப் பருத்த மரம். அங்கே பல மரங்கள் நின்றன. அதில் எது, அதிலிருந்து எந்தப் பக்கம் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்குக்கூடக் காட்ட நேரம் கிடைக்கவில்லை. அப்பா இங்கே ஜெர்மனியில், எசனில், மாரடைப்பு வந்து இறக்கும்வரை அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். “வாயால சொல்லிக் காட்ட ஏலாது. நான் போய் நிண்டு பாத்தாத்தான் தெரியும்” என்பார் அம்மா.

அம்மா என்னைப் பார்க்கும் பார்வை ஒன்று இருந்தது. நான் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தால் நிமிர்ந்து பார்ப்பார். எனக்குப் பின்னால் இன்னொருத்தி வருகிறாளா என்று பார்ப்பதுபோல இருக்கும். வரவில்லை என்று கண்டதும் சாப்பிடத் தொடங்குவார். அவர் என்னை அடித்ததில்லை, ஏசியதும் இல்லை. எனக்குச் சுகமில்லை என்றால் இரவிரவாக விழித்திருப்பார். பார்வை மட்டும் அப்படி.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் வந்தது. பாதை திறந்தது. எங்கள் விசாப் பிரச்சினையும் அந்த வருடம்தான் தீர்ந்தது. அந்த வருடத்து மார்கழியில் ஊருக்குப் போவதென்று அம்மா முடிவு செய்தார். ஒரு சனிக்கிழமை ஜெயமலர் அக்கா வந்திருந்தபோது, நான் இந்தச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவர்கள் கதைப்பது கேட்டது.

“கண்டுபிடிச்சனெண்டா நான் திரும்பி வரமாட்டன் ஜெயமலர். அதிலேயே ஒரு கொட்டில் போட்டு இருந்திடுவன். பிள்ளையைத் தனிய விட்டிட்டு வந்தது காணும், போதும்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ பற்றிமா அக்கா. அப்ப கொறற்றி?”

“அவளுக்கென்ன. அவள் கெட்டிக்காரி. அவளுக்குப் பாஷை தெரியும்.”

நான் வெங்காயத்தை உரித்து முடித்தேன். அம்மா சொன்னது நியாயம்தான். பாஷை தெரிந்தவளை விட்டுவிட்டுப் போகலாம்.

அம்மாவின் கண் அதற்கு முன்பே மங்கத் தொடங்கியிருந்தது. அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர்கள் தெரியமாட்டார்கள். ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெரிகிறது என்றார். அந்த வைகாசியில் டொக்டர் லிண்டேயிடம் கூட்டிக்கொண்டு போனேன். பரிசோதனை நீண்ட நேரம் நடந்தது. பிறகு டொக்டர் எங்கள் இருவருக்கும் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாக, எனக்கு விளங்குவதற்கு இடைவெளி விட்டுப் பேசினார். எல்லா டொக்டரும் அப்படிச் செய்வதில்லை. எனக்கு அந்தப் பெண்மணியைப் பிடித்திருந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார். வலது கண் பெரும்பாலும் போய்விட்டது, இடது கண்ணைக் காப்பாற்றலாம், ஆனால் சொட்டு மருந்து மட்டும் போதாது, சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், புரட்டாதியில் ஒரு நாள் குறித்து டெர்மின் தருகிறேன் என்றார்.

நான் அதை மொழிபெயர்ப்பதற்குள் அம்மா என் கையைத் தட்டினார். “முதல்ல இதைக் கேள் பிள்ளை. மார்கழியில ஊருக்குப் போகலாமோ எண்டு கேள்.”

கேட்டேன். டொக்டர் சிரித்தார். “தாராளமாகப் போகலாம். அதற்கு முன் அந்தக் கண்ணைச் சரிசெய்துவிடுவோம். செய்யாவிட்டால் அடுத்த வருடம் எங்கே போனாலும் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.”

அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வட்டத்துக்குள் அப்போது என் முகம் மட்டும்தான் இருந்தது.

“கண்ணுக்குள்ள அழுத்தமாம் அம்மா. பிளேனில ஏறக் கூடாதாம். ஏறினா அழுத்தம் கூடிக் கண் வெடிச்சிடுமாம்.”

“அப்ப ஒப்பரேசன் செய்யச் சொல்லு. செய்துபோட்டுப் போறன்.”

“அது செய்ய ஏலாதாம். காலம் பிந்திப் போச்சாம். மருந்து விட்டுக்கொண்டு இருக்கட்டாம்.”

இவ்வளவுதான், ஃபாதர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார். பிறகு, “அவவுக்கு நன்றி எண்டு சொல்லு” என்றார். சொன்னேன். டொக்டர் டெர்மின் எழுதித் தந்தார்.

நான் அம்மாவின் கண்ணைப் பறிக்க நினைக்கவில்லை. மார்கழிப் பயணம் நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் சத்திரசிகிச்சை நடந்தால், பிறகு டொக்டர் எப்போதாவது ஒரு நாள் விமானத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார், கையால் காட்டுவார், அம்மாவுக்கு விளங்கிவிடும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்க வேண்டியிருந்தது. ஆவணியில் நான் கிளினிக்குக்குப் போன் எடுத்து, அம்மா வரமாட்டார் என்று சொன்னேன். போனில் பேச எனக்குப் பயம். என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அந்தப் பக்கத்துப் பெண், “நல்லது” என்று சொல்லி வைத்துவிட்டார். நல்லது என்றுதான் சொன்னார்.

சொட்டு மருந்தை மட்டும் நான் ஒரு இரவும் தவறவிடவில்லை. அம்மாவின் தலையை என் மடியில் வைத்து, இமையை விரலால் விரித்து விடுவேன். அது எங்கள் இருவருக்கும் உரிய நேரம். அதற்கு முன் அம்மா என் மடியில் படுத்ததில்லை.

இனி விழாவைச் சொல்கிறேன்.

அம்மாவும் ஜெயமலர் அக்காவும் துப்புரவு வேலை செய்த அந்தச் சிறிய மியூசியம் உங்களுக்குத் தெரியாது. இப்போது மூடிவிட்டார்கள். பழைய வியாபாரி ஒருவர் எகிப்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த சாமான்கள், சில உண்மை, பல நகல். அந்தக் கார்த்திகையில், துட்டன்காமன் என்ற இளம் அரசனின் கல்லறையைக் கண்டுபிடித்து எண்பது வருடம் ஆனதைக் கொண்டாடினார்கள். இயக்குநர் நல்ல மனிதர். துப்புரவுத் தொழிலாளிகளும் விருந்தாளிகளாக வர வேண்டும் என்று அழைத்திருந்தார். அம்மா மயில்நீலச் சேலை கட்டினார். மடிப்பை நான்தான் பிடித்துவிட்டேன்.

“வாளியும் மொப்பும் இல்லாமல் இந்த வாசலால நான் போறது இண்டைக்குத்தான்” என்றார் ஜெயமலர் அக்கா. அம்மா படியில் தடுமாறினார். ஜெயமலர் அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். பல மாதமாக அம்மா துடைத்த இடத்தை ஜெயமலர் அக்கா ஒருமுறை திரும்பத் துடைத்துத்தான் அவருடைய வேலையைக் காப்பாற்றி வந்தார். அதை அவர் அம்மாவிடம் சொன்னதில்லை.

நடு மண்டபத்தில் அரசனின் பொன் முகம். நகல்தான், மேலே பொன்னிறம் பூசியது. அம்மா அதன் கண்ணாடிப் பெட்டியை வருடக்கணக்காகத் துடைத்தவர். அன்றைக்கு நேர் முன்னால் போய் நின்று, தன் வட்டத்துக்குள் அதை வைத்துப் பார்த்தார்.

“இவனுக்கு எத்தினை வயசாம்?”

“பதினெட்டு, பத்தொன்பது இருக்குமாம்.”

“பாவம். தாய் இருந்திருப்பாளோ?”

தெரியாது என்றேன். எனக்கு உண்மையில் தெரியாது.

ஜெயமலர் அக்கா பழச்சாற்றோடு வந்தார். “எங்கட ஆக்கள் செத்தவைக்கு எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆண்டுத்திவசம் செய்வினம். இவங்கள் பிணத்தை வெளியில எடுத்ததுக்குத் திவசம் செய்யிறாங்கள் பாருங்கோ. அதுவும் கேக் வெட்டி” என்றார். அம்மா சிரித்தார். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரக் கிழவரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

இயக்குநர் பேசினார். நான் அம்மாவின் காதுக்குள் மொழிபெயர்த்தேன். அந்தக் கல்லறையின் வாசல் மண்ணும் கல்லும் மூடி, மேலே வேலையாட்கள் குடிசை போட்டு, மூவாயிரம் வருடத்துக்கு மேலாக யாரும் நினைக்காத இடமாகக் கிடந்தது என்றார். தேடியவர் பல வருடம் தேடினார், பக்கத்தில் இருந்தவர்கள் போதும் நிறுத்து என்றார்கள், அவர் நிறுத்தவில்லை என்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு இயக்குநர், அந்தப் பொன்னுக்கும் தேருக்கும் நடுவில் இரண்டு சின்னஞ்சிறிய பெட்டிகள் இருந்தன என்றார். பிறக்கும் முன்பே இறந்த இரண்டு பெண் குழந்தைகள், அரசனின் பிள்ளைகளாக இருக்கலாம் என்றார். இதை நான் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். விடவில்லை. நான் சொன்னேனே, சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் என் பழக்கம்.

“அந்தப் பிள்ளையளுக்குப் பெயர் இருந்ததோ?”

“பெட்டியில பெயர் எழுதேல்லையாம்.”

அம்மா என் கையை விட்டார். “என்ர பிள்ளைக்குப் பெயர் இருக்கு. பெட்டி இல்லை” என்றார். பிறகு, கேக் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்: “ஒரு குழியைக் கண்டதுக்கு எண்பது வருசமாய்ச் சந்தோசப்படுகினம். நான் என்ர குழியை ஒருக்கால் பாத்தாக் காணும், பிள்ளை. ஒருக்கால்.”

அந்த நேரத்தில்தான் டொக்டர் லிண்டே வந்தார். அவரும் அந்த மியூசியத்தின் நலன்விரும்பிகளில் ஒருவர் என்பது எனக்குத் தெரியாது. பக்கவாட்டிலிருந்து வந்ததால் அம்மா காணவில்லை. டொக்டர் வைன் கிளாஸை ஜன்னலோரம் வைத்துவிட்டு, அம்மாவின் நேர் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் பிடித்தார். ஒரு டொக்டருக்கு எங்கே நின்றால் அம்மாவுக்குத் தெரியும் என்று தெரியுமல்லவா.

“உங்களுக்காகக் காத்திருந்தேன்” என்றார் என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்து. “ஏன் வரவில்லை? எனக்கு ஒரு காரணம் சொல்லுங்கள். இடது கண்ணில் இன்னும் இருக்கிறது. இப்போது நடந்து வந்ததைப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் வாருங்கள். டெர்மின் தேவையில்லை. நானே செய்கிறேன்.”

ஜெயமலர் அக்கா கேக் மேசையில் நின்றார். மண்டபத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

“கண் டொக்டர் எல்லே? என்ன சொல்லுறா?”

“எப்பிடி இருக்கிறியள் எண்டு கேக்கிறா. இடது கண் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தானாம் அம்மா.”

அம்மா டொக்டரின் கையை விடவில்லை. அவர் முகத்தைத் தன் வட்டத்துக்குள் பிடித்துவைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். தமிழில்தான். மொழி விளங்காத ஒருவரிடம் அம்மா அவ்வளவு பேசியதை நான் பார்த்ததில்லை.

“டொக்டர், உங்களுக்குப் பிள்ளையள் இருக்கும். நான் சொல்லுறது உங்களுக்கு விளங்கும். எனக்கு ரெண்டு கண்ணும் வேண்டாம். ஒண்டு காணும். அதுவும் எப்பவும் வேண்டாம். மன்னாருக்குப் போய், பெருக்கமரத்தடியில நிண்டு, என்ர பிள்ளை கிடக்கிற இடத்தைக் கண்டு, ஒரு குருசு நட்டுப்போட்டு வாறமட்டும் காணும். பிறகு ரெண்டும் இருண்டாலும் பறவாயில்லை. பிளேன் கூடாதெண்டா நான் கப்பல்லயெண்டாலும் போறன். அந்த மரத்தை ஒருத்தருக்கும் சொல்லிக் காட்ட ஏலாது டொக்டர். நான் பாத்தாத்தான். ஏதாவது ஒரு வழி இருக்கோ எண்டு ஒருக்கால் யோசிச்சுச் சொல்லுங்கோ.”

அம்மா பேசி முடிக்கும்வரை நான் குறுக்கிடவில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் குறுக்கிடக் கூடாது. டொக்டர் ஒரு சொல்லும் விளங்காமல், கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அப்போது நிறுத்தியிருக்கலாம். அதைத்தான் நீங்கள் கேட்கப்போகிறீர்கள். வைகாசியில் சொன்னது அவசரத்தில் சொன்னது என்று வைத்துக்கொண்டாலும், கார்த்திகையில் எனக்கு எல்லாம் தெரியும். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு எந்த ட்ராம் பிடித்தால் கிளினிக்குக்குப் போகலாம் என்பதுகூடத் தெரியும். ஓம், எனக்குத் தெரியும். ஆனால் அம்மா அவ்வளவு நேரம் பேசியதில் என் பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை, ஃபாதர். வந்திருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கவனமாகக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

டொக்டருக்கு இப்படிச் சொன்னேன்: “அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறார். அவருடைய மூத்த பிள்ளை பல வருடமாக மண்ணுக்குள் இருட்டில் கிடக்கிறாள். தானும் இருட்டுக்குள் போவது பிள்ளைக்குப் பக்கத்தில் போவதுபோல என்கிறார். அதனால் சத்திரசிகிச்சை வேண்டாமாம். யோசித்து எடுத்த முடிவாம். இனிமேல் கேட்க வேண்டாமாம்.”

அது என் சொந்த வசனம். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் எனக்கு அப்படி ஒரு வசனம் வரவில்லை. குரல் நடுங்கவில்லை, இலக்கணம் பிழைக்கவில்லை. அந்த ஆசிரியை அங்கே இருந்திருந்தால் முழுப் புள்ளி தந்திருப்பார்.

டொக்டரின் கண் நிறைந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சந்தேகப்படுவதற்கு என்ன இருந்தது? எதிரே ஒரு தாய், பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசியது முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தோடு என் வசனம் பொருந்தியது. அவர் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா என்னைத் தேடித் தலையைத் திருப்பினார்.

“ஏன் பிள்ளை அழுகிறா?”

“தன்னால ஒண்டும் செய்ய ஏலாதெண்டு அழுகிறா அம்மா.”

அம்மாவின் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியதை நான் பார்த்தேன். தோள்கள் கொஞ்சம் தாழ்ந்தன, அவ்வளவுதான். பிறகு டொக்டரின் கன்னத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

“அழாதேங்கோ டொக்டர். நீங்கள் என்ன செய்வியள்? உங்களில ஒரு பிழையும் இல்லை.” என்னிடம் திரும்பி, “இதைச் சொல்லு, கட்டாயம் சொல்லு” என்றார்.

அதை மட்டும் ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே சொன்னேன். மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. டொக்டர் இன்னும் கூடுதலாக அழுதார். பிறகு அவர் தன் கிளாஸை எடுக்காமலே போய்விட்டார்.

ஜெயமலர் அக்கா வந்து, “என்ன, டொக்டரம்மாவை அழப் பண்ணிப்போட்டியள்?” என்று கேட்டார்.

“நல்ல மனுசி” என்றார் அம்மா. “எங்கட ஆக்களுக்குக்கூட இப்பிடி அழமாட்டினம்.”

அந்த மார்கழியில் நாங்கள் எங்கும் போகவில்லை. அடுத்த ஆனிக்குள் இடது கண்ணும் முடிந்தது. அம்மா ஒருமுறை, “நீ போய்ப் பாத்திட்டு வாறியே? நான் அடையாளம் சொல்லுறன்” என்று கேட்டார். சொல்லத் தொடங்கிய அடையாளம் நடுவில் குழம்பிவிட்டது. மரத்துக்கு வலப்பக்கம் என்றார், பிறகு இடப்பக்கம் என்றார். தலையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு இப்ப மரமே தெரியேல்லைப் பிள்ளை” என்றார். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றிய கதையை எடுப்பதில்லை. உங்களிடம் சொல்லியிருந்தால் அது எனக்குப் புதுச் செய்தி.

வேலை போய்விட்டது. இப்போது நான்தான் எல்லாம். குளிக்க வைப்பேன், சீப்பால் தலை இழுத்துவிடுவேன், மீனில் முள் எடுத்து ஊட்டுவேன். ட்ராமில் என் தோளில் கை வைத்துத்தான் வருவார். நீங்களே பூசையில் பலருக்கு முன்னால் சொன்னீர்கள், இப்படி ஒரு மகளைப் பார்த்ததில்லை என்று. அது உண்மைதான், ஃபாதர். அதை நீங்கள் திரும்பப் பெற வேண்டியதில்லை. செய்தது ஒன்று, செய்துகொண்டிருப்பது ஒன்று.

உண்மையை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். யாருக்கு நன்மை? கண் திரும்பி வராது. டொக்டர் பாவம், அவர் இரண்டாவது தடவையும் அழுவார். அம்மாவுக்கு இப்போது ஒரு நிம்மதி இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வரும்போது அவர் தெளிவாகத்தான் கதைப்பார். நாங்கள் தனியே இருக்கும்போது வேறு மாதிரி.

இந்தத் தைமாதத்தில் ஒரு காலை, நான் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது, அம்மா கையைப் பின்னால் நீட்டி என் முகத்தைத் தடவினார். நெற்றி, மூக்கு, நாடி என்று ஒவ்வொன்றாக. “லவினியா” என்றார்.

“கொறற்றி, அம்மா” என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையும் தடவினார், லவினியா என்றார். நான் “ஓம் அம்மா” என்றேன். அப்போது சிரித்தார் பாருங்கள், ஃபாதர். பத்தொன்பது வருடத்தில் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. கால் வலிக்கிறதா, இவ்வளவு தூரம் நடந்தா வந்தாய் என்று கேட்டார். இல்லை, பக்கத்தில்தான் இருந்தேன் என்றேன். அன்றிலிருந்து அப்படித்தான். அம்மா இப்போது யாரையும் தேடுவதில்லை. அவளைத் தேடி மன்னாருக்குப் போயிருந்தால் வெறும் மண்ணைத்தான் பார்த்திருப்பார். நான் அவளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

அதனால் நீங்கள் அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொன்னால் கொறற்றி மீதுதான் கோபப்படுவார். அவளைப் பற்றி அம்மா ஒரு மாதத்துக்கு மேலாகக் கேட்கவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அவள் இல்லாததால் ஒரு குறையும் இல்லை.